முந்நூற்று நாலும் தயாளனின் காதும்

கையிலிருந்த சீட்டுகளைத் தயாளன் ஒன்றாகச் சேர்த்தார். ஓரங்களைத் தட்டிச் சீராக்கி, மேசைமேல் கவிழ்த்து வைத்தார். டம்ளரில் மிச்சமிருந்த மோரைக் குடித்து முடித்தார்.

"அண்ணி, நண்டுக்கறி நல்லாயிருந்துது" என்றார் என்னிடம்.

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். வாசலில் செருப்பு மாட்டும் சத்தமும், இரும்புக் கதவு இழுபட்டு மூடும் சத்தமும் கேட்டன. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் லிஃப்ட் வர எப்போதும் நேரமாகும். அன்று அவர் அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. படியில் இறங்கும் காலடி கொஞ்ச நேரம் கேட்டு, பிறகு ரயில் சத்தத்தில் கரைந்தது.

தயாளன் என் கணவரின் தம்பி. சுங்கை பூலோவில் வீடு. இடைநிலைப் பள்ளியில் தமிழாசிரியர். மேசையில் மிச்சமிருந்தவர்கள் மூவர்: என் கணவர் சிவநேசன், எங்கள் மகள் மீரா, தயாளனின் மனைவி ராதிகா. மூவர் கையிலும் சீட்டு விரிந்தபடி இருந்தது. யாருக்கும் அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

நான் மேசையின் ஓரத்தில், ஆட்டத்தில் சேராமல், ஒரு கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன்.

ராதிகாதான் முதலில் பேசினாள். "அவர் காரை எடுத்துட்டுப் போயிட்டாரு. நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

வீட்டில் என்னதான் செய்வீர்கள்?

என்னைப் போன்ற ஒரு பொருளியலாளர் வீட்டில் என்னதான் செய்வார் என்று அம்பாங்கிலிருந்து என் பத்தியின் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நாள் முழுக்க வட்டி விகிதத்தை நினைத்துக் கவலைப்படுவேன் என்று அவர் எண்ணியிருக்கலாம். உண்மை அவ்வளவு மரியாதையானதல்ல.

காலையில் எழுந்ததும் படிக்கிறேன். மலாய் நாளிதழ் ஒன்று, ஆங்கிலம் ஒன்று, தமிழ் ஒன்று. எதையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவேன். மரண அறிவிப்பு, விளையாட்டு, சினிமா, அப்புறம்தான் நாட்டு நடப்பு. பொருளாதாரப் பக்கத்தைக் காப்பி ஆறும்வரை தள்ளிப்போடுவேன். அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாதியை நாங்களே சொல்லியிருப்போம்.

சாப்பிடும்போதும் படிப்பேன். என் அலமாரியில் உள்ள புத்தகங்களை மோந்து பார்த்தாலே எது எந்த உணவோடு படிக்கப்பட்டது என்று தெரிந்துவிடும். வணிகச் சுழற்சி பற்றிய தடிப்புத்தகம் ஒன்றில் கத்தரிக்காய்க் குழம்பு ஓர் அத்தியாயம் முழுக்க ஊறியிருக்கிறது. நூலகப் புத்தகங்களை மட்டும் வெறும் பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எழுதுவதும் சாப்பாட்டு மேசையில்தான். எனக்கென்று ஓர் அறை உண்டு. அதில் துணி காய்கிறது.

ஆய்வு நிலையத்துக்காக ஆங்கிலத்தில் எழுதுவது என் தொழில். தமிழில் எழுதுவது நடுவயதில் ஒட்டிக்கொண்ட ஆசை. ஒரு வார இதழ் பத்தி கேட்டபோது, கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தானே என்ற துணிச்சலில் ஒப்புக்கொண்டேன். முதல் கட்டுரையை எழுதிப் பெருமையோடு தயாளனிடம் காட்டினேன்.

அவர் படித்தார். இன்னொரு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணி, இது தமிழ் எழுத்தில இருக்குது. தமிழில இல்லை."

"என்ன சொல்றீங்க? எல்லாம் தமிழ்ச் சொல்தானே?"

"சொல் எல்லாம் தமிழ்தான். விசயத்தை எனக்கு வாயால சொல்லுங்கோ பாப்பம்."

நாசி லெமாக் பொட்டலத்தின் விலை ஏறவில்லை, ஆனால் உள்ளே சோறு குறைந்துவிட்டது, நெத்திலி எண்ணி வைத்த மாதிரி இருக்கிறது, இதுவும் விலையேற்றம்தான் என்று வாயால் சொன்னேன்.

"இதைத்தான் எழுதவேணும்" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பிரதியும் அவரிடம் போய்த்தான் அச்சுக்குப் போனது. வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். பள்ளியில் இடைவேளையில் திருத்தி அனுப்புவார். ளகர லகரத்தில் நான் எப்போதும் சறுக்குவேன். அவர் ஒருமுறையும் அலுத்துக்கொண்டதில்லை. வாக்கியம் நன்றாக வந்திருந்தால் பக்கத்தில் ஒரு சரி போடுவார். அந்தச் சரிக்காகவே நான் எழுதினேன் என்றால் என் பத்திரிகை ஆசிரியர் வருத்தப்படுவார்.

நீர் என்றால் குடிப்பது

எங்கள் கிள்ளான் வீட்டில் கேரம் ஆடுவோம். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். வேலை முடிந்து வந்தவுடன் பலகையில் மாவைத் தூவிவிட்டு எல்லாரையும் கூப்பிடுவார். சத்தமும் சிரிப்புமாக ஆட்டம். யார் ஜெயித்தார்கள் என்பது சில நேரம் மறந்தே போகும்.

சிவநேசனின் வீடு வேறு மாதிரி. அவர்கள் யாழ்ப்பாணத்து வழி வந்தவர்கள். முதல்முறை அங்கே போனபோது "நீர் சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார்கள். என் ஊரில் நீர் என்றால் குடிப்பது. ஏதோ சரித்திர நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்து, அதே மேசையில் சீட்டைப் போட்டார்கள். பேச்சு நின்றுவிட்டது. அதுதான் முந்நூற்று நாலு. சீட்டுக்கட்டிலுள்ள புள்ளிகளை எல்லாம் கூட்டினால் வரும் எண்ணே ஆட்டத்தின் பெயர்.

எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். நான்கு பேர் ஆடுவது. எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு கட்சி. இத்தனை புள்ளி எடுப்பேன் என்று அதிகமாகக் கேட்பவர், ஒரு சீட்டைத் தேர்ந்து மேசையில் கவிழ்த்து வைப்பார். அந்தச் சீட்டின் இனம்தான் துரும்பு. அது இஸ்பேட்டா கிளாவரா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். எதிரே இருக்கும் கூட்டாளிக்குக்கூடத் தெரியக்கூடாது. கூட்டாளி அதை ஆட்டத்தின் போக்கிலிருந்து ஊகிக்கவேண்டும். கண்ணைக் காட்டுவது, இருமுவது, முனகுவது எல்லாம் பெரிய குற்றம்.

எங்கள் வீட்டில் தோற்ற கட்சி பாத்திரம் கழுவவேண்டும். நண்டுக்கறி வைத்த நாளில் அது லேசான தண்டனையல்ல.

ஞாயிறு தவறாமல் சிவநேசனும் ராதிகாவும் ஒரு கட்சி. தயாளனும் மீராவும் ஒரு கட்சி. மீரா வேலைக்குப் போகிற பெண். வாரம் முழுக்க அலுவலகத்தில் ஆங்கிலத்தில் பேசிவிட்டு, ஞாயிறு மதியம் சித்தப்பாவோடு சேர்ந்து அப்பாவைத் தோற்கடிப்பதற்காகவே காத்திருப்பாள்.

அந்த ஞாயிறு அவர்கள் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். தயாளன் துரும்பைக் கவிழ்த்து வைத்தார். இடது காதைச் சொறிந்தார். சற்றுப் பொறுத்து மீரா ஓர் இஸ்பேட்டைப் போட்டாள். துரும்பும் இஸ்பேட்தான்.

"இடக்காது எண்டால் இஸ்பேட்" என்றார் சிவநேசன். "வலக்காது எண்டால் என்ன, கிளாவரோ?"

மீரா சிரித்தாள். தயாளனும் பாதி சிரித்தார். "என்ன சொல்லுறியள் அண்ணை?"

"நான் சொல்லேல்லை. உன்ர காது சொல்லுது."

"அப்பா, ஜோக் பண்ணாதீங்க லா."

"ஜோக் இல்லை. போன கிழமையும் பாத்தனான்."

இந்தக் கடைசி வாக்கியம்தான். முதலில் சொன்னது கிண்டலாகப் போயிருக்கும். போன வாரமும் பார்த்தேன் என்றதும் அது குற்றச்சாட்டு ஆகிவிட்டது. தயாளன் யார்? பரீட்சை மண்டபத்தில் அவர் நடந்து வந்தால் பக்கத்துத் தாளைப் பார்க்கும் பிள்ளைகளின் கழுத்து தானாக நேராகும். அப்படிப்பட்டவரை அவருடைய அண்ணனே, அவர் செல்லம் கொடுத்து வளர்த்த மீராவின் முன்னால், கள்ள ஆட்டக்காரன் என்றார்.

அதன் பிறகுதான் சீட்டைக் கவிழ்த்து வைத்ததும், மோரைக் குடித்ததும்.

நான்காவது நாற்காலி

அடுத்த ஞாயிறு தயாளன் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை.

ராதிகா வந்தாள். "அவங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா நான் எதுக்கு அக்கா மீன் குழம்பை விடணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கணவருக்கு ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டும் போனாள். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது. தயாளன் வரவில்லை.

சிவநேசனிடம் பேசிப் பார்த்தேன். அவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கோணத்தைப் பார்த்துக் குறித்தபின் மாற்றி எழுதிப் பழக்கமில்லை.

"ஒரு போன் பண்ணி, தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லுங்களேன்."

"தெரிஞ்சுதானே சொன்னனான்."

"அவர் உங்க தம்பிங்க."

"தம்பி எண்டபடியால்தான் சொன்னனான். வேற ஆள் எண்டால் பேசாம விட்டிருப்பன்."

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நண்டு வாங்குவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால், பாசாரில் நல்ல நண்டு வரவில்லை என்பார். தயாளனுக்கு நண்டு பிடிக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இந்தச் சண்டையில் நேரடியாகப் பாதிக்கப்பட்டவள் நான். நான்காவது ஆள் வேண்டுமே! பொருளியலில் 'விளையாட்டுக் கோட்பாடு' என்று ஒரு பிரிவு இருக்கிறது. எதிராளி என்ன செய்வான் என்று ஊகித்து நாம் முடிவெடுப்பது பற்றியது. அதை நான் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆகவே எனக்குச் சீட்டாடவும் தெரியும் என்று குடும்பம் முடிவு செய்தது. வானிலை ஆய்வாளருக்குக் குடை தைக்கத் தெரியும் என்று நினைப்பது போல.

மீராவுக்கு எதிரே உட்காரவைத்தார்கள். நல்ல சீட்டு வந்தால் என் புருவம் மேலே போகிறதாம். மோசமான சீட்டு வந்தால் உதடு பிதுங்குகிறதாம். துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேனாம்.

"அம்மா, உங்க முகம் நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்கு" என்றாள் மீரா. "அப்பா படிச்சிட்டே ஆடுறாரு."

"நான் சைகை காட்டினா மட்டும் உங்களுக்குத் தப்பா தெரியலையா?" என்று நான் கணவரைப் பார்த்துக் கேட்டேன். "நான் முகம் முழுக்கக் காட்டுறேன். அவர் ஒரு காதைத்தானே தொட்டார்?"

சிவநேசன் சீட்டை எடுத்துக் குலுக்கத் தொடங்கினார். ராதிகா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு ஏதோ தெரியும் என்று பிறகுதான் புரிந்தது.

நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம். பாத்திரம் கழுவிக் கழுவி என் விரல் நுனிகள் சுருங்கிவிட்டன.

விசயப் பிழை

இத்தனைக்கும் ஒன்று மட்டும் நிற்கவில்லை. என் பிரதியை அனுப்பினால், தயாளன் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. 'இங்கே வல்லினம் மிகும்', 'இந்தச் சொல் இரண்டுதரம் வந்துவிட்டது', அவ்வளவுதான். எங்கள் வீட்டிலிருந்து அவர் வாசிக்கிற ஒரே விசயம் என் கட்டுரை என்று ஆகிவிட்டது.

அப்படியானால் அதற்குள்ளேயே கேட்டுவிட்டால் என்ன?

அந்த வாரம் சந்தையில் மனிதர்கள் வாயால் சொல்லாமல் காட்டும் குறிப்புகளைப் பற்றி எழுதினேன். ரம்புத்தான் விற்பவர் ஒரு பழத்தைத் தோலுரித்துக் குவியலின் மேல் வைக்கிறார். கிளினிக்கில் டாக்டர் தன் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டுகிறார். இவை குறிப்புகள். ஆனால் எல்லா அசைவும் குறிப்பாகிவிடுமா? இங்கே ஓர் உதாரணம் சேர்த்தேன். சீட்டாடும் ஒருவர் காதைச் சொறிகிறார். எதிர்க்கட்சிக்காரர் அதைச் சைகை என்கிறார். அது சைகையா, வெறும் அரிப்பா என்று பார்க்கிறவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

அனுப்பியபின் கைப்பேசியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஏற்கனவே புண்பட்டவரை இன்னும் சீண்டிவிட்டேனோ என்று நினைத்தேன். மதியம் வரை பதில் இல்லை. பள்ளி இடைவேளை முடிந்திருக்கும். அலுவலகத்தில் என்னோடு சாப்பிடுகிறவர்கள் என் தட்டில் வாழைப்பூ வடை மிஞ்சியதைப் பார்த்து உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள்.

மாலையில் கைப்பேசி அடித்தது. தயாளன் எனக்குத் திருத்தம் எழுதுவாரே தவிர, அழைக்க மாட்டார்.

"அண்ணி, மூண்டாம் பத்தியில ஒரு பிழை."

"சந்திப் பிழையா?"

"இல்லை. விசயப் பிழை."

"என்ன பிழை, சொல்லுங்க."

"அது சைகையும் இல்லை, வெறும் அரிப்பும் இல்லை. தண்ணி."

"தண்ணியா?"

"நீச்சல் குளத்துத் தண்ணி. காதுக்குள்ள போய் நிக்குது. எப்பிடி வெளியில எடுக்கிறதெண்டு எனக்கு இன்னும் சரியாத் தெரியேல்லை."

"நீச்சல் குளத்துல உங்களுக்கு என்ன வேலை?"

"குளத்தில என்ன வேலை செய்வினம் அண்ணி? நீந்தப் பழகிறன்."

தயாளனுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பது குடும்பமே அறிந்தது. சிறு வயதில் அவர்கள் அம்பாங்கில் இருந்தார்கள். ஈயம் தோண்டி விட்டுப்போன பள்ளங்களில் மழைநீர் நிறைந்து குளமாகக் கிடந்த காலம். பட்டத்தைத் துரத்திப் போன தயாளன் ஒரு பள்ளத்தில் சறுக்கி விழுந்தார். சிவநேசன் குதித்துக் காப்பாற்றினார். இந்தக் கதையை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் யாராவது ஒரு சித்தியோ மாமாவோ சொல்வார்கள். சொல்லச் சொல்ல அந்தப் பள்ளம் அகலமாகிக்கொண்டே போனது.

"இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்டேன்.

"ராதிகாவுக்குக் கடல் எண்டா உயிர். கல்யாணம் கட்டின நாளில இருந்து நான் கரையில நிண்டு செருப்புக்குக் காவல். பென்ஷன் எடுத்த பிறகாவது அவவோட இறங்கவேணும் எண்டு ஒரு ஆசை."

"அதை அன்னைக்கே சொல்லியிருந்தா சண்டையே வந்திருக்காதே!"

"அண்ணைக்குச் சொன்னால் விட மாட்டார். இப்பவும் பாலத்தில நடக்கேக்க என்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டுதான் வருவார். நீங்களும் சொல்லாதேங்கோ."

"சொல்ல மாட்டேன். அந்தப் பத்தியையும் எடுத்துடுறேன்."

"எடுக்க வேண்டாம். நல்ல பத்தி. காதுக்குப் பதிலா மூக்கெண்டு போடுங்கோ."

அச்சில் வந்தது மூக்குதான். பழைய இதழை வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு தோசைக்குப் போன இடம்

சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன். காட்ட மாட்டேன் என்று கொடுக்கவில்லை.

ராதிகாவைக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்துவிட்டது என்றேன். "அப்பாடா" என்றாள். எத்தனை வாரமாக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எங்கள் மேசையில் சீட்டு ஆடினாளோ! வரும் சனிக்கிழமை காலையில் அவர் முதல்முறையாகக் குளத்தின் குறுக்கே, யாரும் பிடிக்காமல், ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நீந்தப்போகிறார் என்று சொன்னாள்.

அந்தக் குளம் சுங்கை வே பக்கம். சுற்றிலும் கம்பி வேலி. வேலியை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை.

"சுங்கை வே பக்கம் ஒரு கடையில தோசை நல்லா இருக்காம்" என்று கணவரிடம் சொன்னேன். காலைச் சாப்பாட்டுக்கு அவர் எந்த ஊருக்கும் வருவார்.

தோசை உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஓரம் முறுகி, நடுவில் பஞ்சு போல. அவர் இரண்டாவது தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு அப்பால் விசில் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். சிறு பிள்ளைகள் வரிசையாகக் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில், நீல நிறத் தொப்பியும் பெரிய கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, ஒரு வளர்ந்த ஆள்.

"அந்த ஆள் தயாளன் மாதிரி இருக்குது" என்றார்.

"தயாளன்தான்" என்றேன்.

அந்த நேரம் பார்த்துத் தயாளன் தண்ணீரில் இறங்கினார்.

சிவநேசன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. விரலில் சாம்பாரோடு ஓடினார். நான் கடைக்காரரிடம் "அண்ணே, வந்துடுறோம்!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

வாசலில் இருந்த அக்கா, "அங்கிள், டிக்கெட்! அங்கிள்!" என்றார். அங்கிள் நிற்கவில்லை. டிக்கெட்டை நான் வாங்கிக்கொண்டு உள்ளே போனபோது, அவர் குளத்தின் ஓரத்தில் ஒரு சப்பாத்தைக் கழற்றியிருந்தார். இன்னொன்றின் முடிச்சு சிக்கிக்கொண்டிருந்தது.

தயாளன் பாதித் தூரம் வந்திருந்தார். தலையைத் தூக்கியவர் அண்ணனைப் பார்த்துவிட்டார். கால் நின்றுவிட்டது. தொப்பி ஒருதரம் தண்ணீருக்குள் போய் வந்தது.

"ரிலேக்ஸ், சிக்கு! ரிலேக்ஸ்!" என்று பயிற்சியாளர் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியரை மலாயில் அழைக்கிற மாதிரி அவரை எல்லாரும் அங்கே சிக்கு என்றுதான் அழைத்தார்கள்.

ராதிகா எதிர்க்கரையில் கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சிவநேசன் வெளியே வா என்று கத்தப்போகிறார் என்று நான் நினைத்தேன். இத்தனை வாரப் பிடிவாதம், அத்தனை வருடப் பயம், எல்லாம் சேர்ந்து தயாளனின் ரகசியத்தைப் பிள்ளைகள் முன்னால் சிரிப்பாக்கிவிடப் போகிறது. அண்ணனைக் கூட்டிவந்தவள் நான்.

"காலை அடி!" என்று சிவநேசன் கத்தினார். "நிப்பாட்டாதை! காலை அடி தயாளா!"

தயாளன் காலை அடித்தார்.

அழகான நீச்சல் என்று சொல்ல முடியாது. பாதி நீந்தி, பாதி தண்ணீரோடு சண்டை போட்டு வந்தார். சிவநேசன் ஒற்றைச் சப்பாத்தோடு கரையில் கூடவே நடந்தார். விளிம்பில் இருந்த பிள்ளைகள் "சிக்கு! சிக்கு!" என்று தாளம் போட்டார்கள். கடைசியில் ஒரு கை வந்து ஓரத்துக் கம்பியைப் பிடித்தது.

தயாளன் கம்பியில் தொங்கியபடி மூச்சு வாங்கினார். பிறகு அவர் கண்ணாடியைத் தூக்கினார்.

"பாத்தியளே அண்ணை?"

"பாத்தன்."

சண்டைக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் இவைதான்.

தயாளன் மேலே ஏறி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒற்றைக்காலில் குதித்தார். பிறகு இடது காதைச் சொறிந்தார். சிவநேசன் அதைப் பார்த்தார். ஈரத் தரை என்றுகூட யோசிக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கே நான் உன்னை..."

"ஓம்."

"சொல்லியிருக்கலாமே, தயாளா."

"சொல்லியிருந்தா விட்டிருப்பியளே?"

என் கணவர் யோசித்தார். அவரிடம் எனக்குப் பிடித்த குணம் இது. கேட்ட கேள்விக்கு உண்மையாகப் பதில் தேடுவார்.

"விட்டிருக்க மாட்டன்" என்றார். "பிழை என்னிலதான். காதை இப்பிடிச் சொறியாதை. டொக்டரிட்டப் போவம், வா."

மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. தயாளன் தமிழாசிரியர். இருந்தும் அதைத் திருத்தவில்லை.

தோசை ஆறிய பிறகு

கடைக்குத் திரும்பினோம். எங்கள் தட்டுகளைக் கடைக்காரர் ஈ மொய்க்காமல் மூடி வைத்திருந்தார். ராதிகா எல்லாருக்கும் நுரை பொங்க ஆற்றிய தேத்தாரே தேநீர் சொன்னாள். மீராவுக்குக் கைப்பேசியில் செய்தி சொன்னபோது, அவள் போட்ட சத்தம் அடுத்த மேசைவரை கேட்டது. "சித்தப்பா பாஸ் பண்ணிட்டாரா? அப்ப நாளைக்கு வராரு லா! அம்மா, நீங்க எந்திரிச்சிடணும், என் பார்ட்னர் சீட் அது!"

எந்தப் பதவியையும் நான் இவ்வளவு மகிழ்ச்சியோடு துறந்ததில்லை.

தயாளன் தோசையைப் பிய்த்தபடி சொன்னார்: "அண்டைக்கு அம்பாங்கில நீங்கள் குதிச்ச மாதிரி இண்டைக்கும் குதிக்கப் போறியள் எண்டு பயந்திட்டன். சப்பாத்து வேற கழட்டினியள்."

சிவநேசன் தேத்தாரேயைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"நான் அண்டைக்குக் குதிக்கேல்லை" என்றார்.

"என்ன?"

"கரையில படுத்துக்கிடந்து ஒரு கம்பை நீட்டினன். நீ பிடிச்சாய். பிறகு சட்டையில பிடிச்சு இழுத்தன். வீட்டுக்கு வந்து சேர முதல், நான் குதிச்சனான் எண்டு ஆரோ அம்மாவுக்குச் சொல்லிப்போட்டினம். எல்லாரும் என்னைத் தூக்கி வைச்சுக் கொண்டாடினவை. எப்பிடி மறுக்கிறது?"

"அப்ப உங்களுக்கு நீந்த..."

"தெரியாது."

நாங்கள் மூவரும் அவரைப் பார்த்தோம். நீந்தத் தெரியாத மனிதர் சற்று முன்னால் ஒரு சப்பாத்தைக் கழற்றியிருந்தார். ராதிகா முதலில் சிரித்தாள். தயாளனுக்குப் புரையேறியது. சிவநேசனும் சிரித்தார், சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அங்க வயசு போன ஆக்களையும் சேப்பினமோ?" என்று தம்பியைக் கேட்டார்.

இப்போது எங்கள் சனிக்கிழமைக் காலைகள் அந்தக் குளத்தில் கழிகின்றன. நான் நிழலில் உள்ள பெஞ்சில் உட்கார்ந்து படிப்பேன், எழுதுவேன். இந்தக் கட்டுரையையும் தயாளனின் அனுமதியோடு அங்கேதான் எழுதினேன். ளகர லகரங்களை அவர் பார்த்துக்கொண்டார்.

முதல் வகுப்பு நாளை மட்டும் சொல்லிவிடுகிறேன். சிவநேசன் ஆழமில்லாத பக்கத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், ஓரத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மிதக்க முயன்றார். பயிற்சியாளர் சொல்லிப் பார்த்தார். பிள்ளைகள் சொல்லிப் பார்த்தார்கள். கம்பியை விடவில்லை. தயாளன் தண்ணீருக்குள் நடந்து போய், அண்ணனின் வயிற்றுக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்தார்.

"அண்ணை, கையை விடுங்கோ."

"விட மாட்டன்."

"நான் பிடிச்சிருக்கிறன்."

"நல்லாப் பிடிச்சிருக்கிறியோ?"

"ஓம் அண்ணை. விடுங்கோ."

படித்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து நான் தலையைத் தூக்கினேன். அவர் ஒரு கையை விட்டார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். மற்றக் கையையும் விட்டார்.